சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

ஆம்பூருக்கு வெளியே, பொறியியல் கல்லூரி வாசலில், ஓய்வுபெற்ற மிக்-21 போர் விமானம் சிமெண்ட் மேடைமேல் வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கிறது. தாளாளர் வெள்ளி பெயிண்ட் அடித்து, வால் பக்கம் தன் பெயரையும் எழுதிக்கொண்டுவிட்டார். வானத்தின் வரலாறே நம் வாசலில் என்று மைக்கில் முழங்குகிறார். எல்லாத் தோள்களிலும் பொன்னாடை ஏறியாகிவிட்டது, விமானத்துக்குத்தான் பாக்கி. ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த கண்ணம்மாள், முதல் வரிசையில், தனக்குப் போர்த்தியதை மடியில் வைத்துக்கொண்டு சக்கரங்களையே பார்க்கிறாள். இதே ரக விமானம் விழுந்துதான் அவள் மகன், விமானி பூவரசன், இறந்தான். கடைசி லீவு முடிந்து கிளம்பியபோது அவன் பையில் அவள் எலுமிச்சம்பழம் வைத்தாள். "ஏம்மா, ப்ளேன் இன்னா ஷேர் ஆட்டோவா, சக்கரத்துக்கு அடியில பழம் வெக்க?" என்று சிரித்து, அதை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனான்.

இப்போது பூசாரி கற்பூரம் சுற்றி, பூசணி உடைத்து, மூன்று சக்கரத்துக்கும் பழம் வைக்கிறார். "ஸ்டார்ட் பண்ணி முன்னால எடுங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லியும் விடுகிறார். கூட்டம் சிரிக்கிறது. தாளாளர் கல்லூரி பஸ் டிரைவர் துரைசாமியிடம், "மிதிச்சி உடுய்யா, டைம் ஆவுது" என்கிறார். துரைசாமி செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்குகையில், கண்ணம்மாள் மேடையேறிப் பழத்தின்மேல் கையைப் பொத்திக்கொள்கிறாள். பொன்னாடை படியில் கிடக்கிறது.

"மிதிக்காதப்பா. வண்டிதான் ஏறணும்."

"இது நவுராதும்மா. சிமெண்ட் போட்டு இறுக்கிட்டாங்க."

"பரவால்ல" என்கிறாள். "நவுர்ற வரைக்கும் நான் இருக்கேன்."