லாக்கர் ரூமில் சொன்னது

"சஹானா, உன் வீட்டுக்காரர் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கறாராமே?"

லிஃப்டில் தீப்தி கேட்டதும் சஹானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யார் சொன்னது?"

"அவரேதான். நேத்து ஜிம் லாக்கர் ரூம்ல எல்லார் முன்னாலயும் சொன்னாராம். ரெண்டு வருஷமா ஊசியாம். உடம்புல ஆம்பளை ஹார்மோன் சுரக்கறதே நின்னு போச்சாம். எங்க வீட்டுக்காரர் அனிருத்தான் வந்து சொன்னார். பாவம்டி நீ!"

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஷ்ரேயஸின் ஜிம் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். துண்டு, தண்ணீர் பாட்டில், கறுத்துப்போன ஒரு வாழைப்பழம். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டாள்.

"லாக்கர் ரூம்ல நீ சொன்னது நிஜமா?"

ஷ்ரேயஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சனிக்கிழமை ஔந்த் ஏரியால ஒரு ஹார்மோன் டாக்டர்கிட்ட போறேன். அப்புறம் சொல்றேனே," என்றான்.

"குழந்தை பெத்துக்கலாம்னு பேசிட்டிருக்கோம். என்கிட்ட மறைச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கே!"

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ, ப்ளீஸ்."

ரெண்டு நாளும் அவள் அவனோடு பேசவில்லை. ஆனால் விடாமல் கவனித்தாள். சோர்வு, எரிச்சல், முதுகெல்லாம் பரு... மொபைலில் தேடிப் படித்த அறிகுறிகளில் ஒன்றுகூட அவனிடம் இல்லை. பின்னே ஏன் அப்படிச் சொன்னான்?

சனிக்கிழமை, வேண்டாம் என்றவனை மீறி பைக்கில் ஏறிக்கொண்டாள்.

கிளினிக்கில் அனிருத் உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நண்பனுக்குத் துணையாக வந்திருப்பான் என்று நினைத்தாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, "அனிருத்!" என்று கூப்பிட, அவன் எழுந்து உள்ளே போனான்.

சஹானா திகைத்தாள். "நம்ம நம்பர் என்ன?"

"நமக்கு நம்பர் இல்லை." ஷ்ரேயஸ் குரலைத் தாழ்த்தினான். "ஊசி போட்டுக்கிட்டது அவன். அவன் பையில பார்த்துட்டேன். டாக்டர்கிட்ட போடான்னா, மானம் போயிடும்னு சண்டைக்கு வந்தான். அன்னிக்கு லாக்கர் ரூம்ல, அவன் மார்பு வீங்கியிருக்குன்னு பசங்க கிண்டல் பண்ணாங்க. அவன் முகத்தைப் பார்க்க முடியலை. ஊசி போட்டுக்கிட்டு நான்தான் கெட்டுப்போனேன்னு பேச்சை என் பக்கம் திருப்பிட்டேன். அதை நிஜம்னு நம்பி, ராத்திரி அவனே போன் பண்ணி, 'ரெண்டு பேரும் சேர்ந்து போலாமா'ன்னான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"தீப்தி உன் ஃபிரெண்ட். அவளுக்கு அவன் வாயால தெரியறதுதானே முறை?"

கதவு திறந்தது. அனிருத் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வெளியிலேர்ந்து ஏத்திக்கிட்டே இருந்ததால, உடம்பு சொந்தமா சுரக்கறதை நிறுத்திடுச்சாம். சரியாக வாய்ப்பு இருக்காம், மாசக்கணக்கா ஆகுமாம். இன்னிக்கே தீப்திகிட்ட சொல்லிடறேன்." சஹானாவைப் பார்த்தான். "ஷ்ரேயஸ் மட்டும் அன்னிக்கு வாயைத் திறக்கலேன்னா நான் வந்தே இருக்க மாட்டேன். அடுத்தது அவன்தானே? நான் இருக்கேன்."

சஹானா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கிளம்புங்க அனிருத், தீப்தி காத்திட்டிருப்பா. இவரோட பிரச்சினைக்கு நான் துணையா இருக்கேன்."