வாவியில் எறிந்த பல்

பெரியகல்லாற்று மீனவர் உதயரூபன் மறுபடியும் வந்து நாற்காலியில் சாய்ந்தார். வெள்ளி அடைத்தும் சரிவராததால், போன மாதம் நான் பிடுங்கிய இடது மேல் கடைவாய்ப்பல், அதே வெள்ளியோடு அதே இடத்தில் இருந்தது.

“வாவிக்குள்ளதான் எறிஞ்சன் டொக்டர். திரும்பி வந்திட்டு.”

கன்னப் பக்கம் ஓர் ஊசி போட்டேன். அடுத்தது அண்ணத்தில். அந்த ஊசிக்குக் கத்தாத ஆளை நான் கண்டதில்லை. அவர் இமைக்கக்கூட இல்லை.

“விறைச்சிட்டா?”

“எனக்கு விறைக்கல்ல. நோகவும் இல்ல. புடுங்குங்க.”

பல் இலேசாக வந்தது. துணியில் சுற்றி நீட்டினேன்.

“இந்த முறை நீங்க வெச்சிருங்க” என்று எழும்பிப் போய்விட்டார்.

துணியை விரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை. முகக்கவசத்துக்குள் என் இடது கன்னம் விறைக்கத் தொடங்கியிருந்தது.

என் வாயில் எந்தப் பல்லுக்கும் வெள்ளி அடைத்ததில்லை. இடது மேல் கடைவாய்க்குப் போன நாக்கில் உலோகம்போல் வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது.