பாதம் கழுவிய ஃபாதர்

தாளாளர் ஃபாதர் மண்டி போட்டு உட்கார்ந்து, ஜாக்குலின் டீச்சரின் வலது காலை எடுத்து பேசினுக்குள் வைத்தார். வெந்நீரில் பன்னீர் கலந்திருந்தது. 

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று மாதா கோயிலில் செய்கிற சடங்கு இது. தலைமையாசிரியர்களுக்கு மன நல முகாம் என்று சொல்லி, விழுப்புரத்துத் தியான இல்லத்தில் வேளை கெட்ட வேளையில் செய்துகொண்டிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த ஹெச்.எம்.கள் உருகிப்போய்ப் பார்த்தார்கள். ஜாக்குலினுக்கோ எப்போதடா காலை உருவிக்கொள்வோம் என்றிருந்தது.

இருக்காதா பின்னே. ஒலக்கூர் பக்கத்தில் அவள் ஹெச்.எம்.மாக இருக்கிற பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் பெண் பிள்ளைகள் புழுத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். அரிசி களைந்தால் வெள்ளையாய் மேலே மிதக்கும். வடித்தால் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வாந்தி எடுத்தே துவண்டு இரண்டு பிள்ளைகள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தன.

அரிசியை மாற்றச் சொல்லி எத்தனை தடவை போய் நின்றிருப்பாள். ஹாஸ்டல் என் பொறுப்பு, நீங்க ஸ்கூலை மட்டும் பாருங்க என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்ன மனுஷன்தான் இப்போது அவள் விரலிடுக்கைக் கழுவுகிறார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைகள் நல அதிகாரிகளுக்கு அவளே போன் பண்ணிவிட்டாள். அடுத்த வாரம் வருகிறோம், நீங்கள் கூட இருந்து காட்டுங்கள் என்றார்கள். விஷயம் ஃபாதர் காதுக்குப் போயிற்று. குதிப்பார் என்று நினைத்தாள். குதிக்கவில்லை. ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க, முகாமுக்கு வந்து ஒருநாள் ரெஸ்ட் எடுங்க என்று கூப்பிட்டார்.

துண்டால் காலை ஒற்றியபடி ஃபாதர் நிமிர்ந்தார். "மனசுல இருக்கிறதை இங்கயே இறக்கி வெச்சுடுங்க டீச்சர். தூக்கம் வருதா?"

வரவில்லை என்றாள். சாப்பாடு எப்படி என்றார். சோற்றைப் பார்த்தாலே புழு தெரிகிறது, காலையில் இங்கே போட்ட இட்லியில்கூட நெளிகிற மாதிரி இருந்தது என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த திண்டிவனத்து ஹெச்.எம். ராயப்பன் சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"டாக்டர் யாரையாவது பாத்தீங்களா?" தேனாக ஒழுகியது ஃபாதரின் குரல்.

"எனக்கு எதுக்கு ஃபாதர் டாக்டர். அரிசியை மாத்துங்க, எல்லாம் சரியாப் பூடும்."

அத்தனை பேர் முன்னாலும் ஃபாதர் கை கூப்பினார். "என் தப்புதாம்மா. புது அரிசி காலையிலயே இறக்கச் சொல்லிட்டேன். நீங்க நிம்மதியா இருங்க."

அடுத்ததாகக் காலை நீட்டக் காத்திருந்த ராயப்பன் சார், டி.இ.ஓ. ஆபீசுக்கு நடந்தே தேஞ்ச காலு ஃபாதர், பாத்துக் கழுவுங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜாக்குலினும் சிரித்தாள். இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

ராயப்பன் சார் காலைத் துடைத்த கையோடு, திண்டிவனத்தில் அவசர வேலை என்று ஃபாதர் கிளம்பிவிட்டார். மற்றவர்களுக்குச் சாயந்திரம் வரைக்கும் மௌனத் தியானம். போன்களை எல்லாம் ஒரு சிஸ்டர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மத்தியானம் ஜாக்குலின், பல நாளைக்குப் பிறகு, போட்ட சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

சாயந்திரம் போன் கைக்கு வந்தபோது, ஹாஸ்டல் சமையல்கார வீரம்மாள் விட்டு விட்டுக் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. ஜாக்குலின் உடனே கூப்பிட்டாள். புது அரிசி வந்ததா என்றுதான் முதலில் கேட்டாள்.

"வந்துச்சு டீச்சரம்மா. மல்லிப்பூவாட்டம் வடிச்சேன். ஆபீசருங்களே சாப்ட்டுப் பாத்துட்டு நல்லாக்கீதுன்னாங்க."

"ஆபீசருங்களா? அவங்க அடுத்த வாரம்தானே வரணும்?"

ஃபாதரே போன் பண்ணி வரச் சொல்லி, கூடவே இருந்து சுற்றிக் காட்டினாராம். பழைய மூட்டைகளை அதற்கு முன்பே ஃபாதர் தங்குகிற பங்கு வீட்டு அறைக்குள் போட்டுப் பூட்டியாயிற்றாம். வந்தவர்கள் வண்டி ரோடு ஏறியதும், புது மூட்டைகளை மினி லாரியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ராத்திரிக்குப் பழைய அரிசிதானாம்; ஊறப் போட்ட குண்டானில் இப்பவே மிதக்கிறதாம்.

 

"நான் புகார் பண்ணதைப் பத்தி அவங்க ஒண்ணுமே கேக்கலியா வீரம்மா?"

வீரம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேட்டாங்கம்மா. புழு அரிசியில இல்ல, எங்க ஹெச்.எம். கண்ணுக்குத்தான் தெரியுது, பாவம், விழுப்புரத்துல வெச்சு வைத்தியம் பாத்துக்கினு இருக்கோம்னு ஃபாதர் சொல்லிட்டாரு."