இருபத்தொரு நாள் கிரகம்

ஓடுகாலி வரவில்லை.

ஒரு முறை அல்ல, மூன்று முறை. திரையில் அவள் வந்துபோயிருக்க வேண்டிய மூன்று இடங்களிலும் கோடு தட்டையாகக் கிடந்தது.

ஓடுகாலி என்பது நாங்கள் வைத்த செல்லப்பெயர். பக்கத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கிரகம் அது. இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை நட்சத்திரத்தை நெருங்கி, ஒரு இழு இழுத்துவிட்டு, மறுபடி தூரமாக ஓடிவிடும். அந்தக் கிரகத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நட்சத்திரம் அசைவதை வைத்து, இழுத்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

பதினொரு முறை இழுத்திருக்கிறது. வரைபடத்தில் பதினொரு புள்ளிகள் கோட்டை விட்டு எழும்பி நின்றன.

மாலை ஐந்து மணிக்கு இயக்குநர் அதை உலகத்துக்கு அறிவிக்கப் போகிறார். பன்னிரண்டு வருடத்தில் நான் கண்ட முதல் கிரகம். அக்கா இப்போதே ஊரெல்லாம் தமுக்கடித்துவிட்டாள்.

கடைசி இரண்டு மாத அளவுகளையும் சேர்த்துவிடுங்கள், படம் நிறைவாக இருக்கும் என்று காலையில் இயக்குநர் சொன்னார். சேர்த்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

கிரகம் நினைத்த நாளில் லீவு போடாது. தப்பு எங்கோ என் பக்கம்தான் இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் கருவியறைப் பதிவேட்டை எடுத்து வந்து புரட்டினேன்.

கருவியைச் சரிபார்க்க ஒரு விளக்கு உண்டு. அதன் ஒளியோடு ஒப்பிட்டுத்தான் நட்சத்திரம் அசைந்ததா என்று சொல்ல முடியும். அளவெடுக்கும் முன் அதை மூன்று மணி நேரம் சூடேற விட வேண்டும்; இல்லாவிட்டால் அதன் ஒளியே நிலையாக நிற்காது. தினமும் நான்கு மணிக்கு அதைப் போடும் டெக்னீஷியனை நாங்கள் விளக்கண்ணன் என்போம்.

புரட்டிய பக்கங்களில் எல்லாம் அவர் கையெழுத்து. விளக்கு, மணி நான்கு. அளவு, ஏழு பதினைந்து.

ஓடுகாலி வந்த பதினொரு நாட்களைத் தேடினேன். பதினொன்றிலும் என் கையெழுத்து. விளக்கு, ஏழு பத்து. அளவு, ஏழு பதினைந்து.

வராமல் போன மூன்று நாட்களில் மறுபடி அவர் கையெழுத்து.

அவர் லீவு போட்ட நாட்களில் நானே விளக்கைப் போட்டேன். ஸ்விட்சைத் தட்டினேன், எரிந்தது. எரிகிற விளக்கில் சூடானது என்ன, ஆறினது என்ன என்று இருந்துவிட்டேன்.

நட்சத்திரம் அசையவே இல்லை. அசைந்தது விளக்கு.

வெட்கத்தில் காது சுட்டது. அந்த நாட்களில் அவர் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றுதான் நினைத்தேன். எல்லோர் முன்னாலும் கேலியும் செய்தேன்.

"கிரகம் வர்ற நாளாப் பார்த்து லீவு போடுறீங்களே அண்ணே, உங்களுக்கு என்ன கிரகம் பிடிச்சிருக்கு?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

வெட்கப்பட்டவளுக்குக் கோபம்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆபீசில் அவருடைய லீவு ஃபைலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கருவியறைக்குப் போனேன்.

மணி நான்கு. விளக்கைப் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபைலைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காரணம்: சொந்த வேலை. இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை அப்படி என்ன சொந்த வேலை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் எழுந்து நின்றார்.

"வீட்டம்மாவுக்கு மருந்து ஏத்தக் கூட்டிட்டுப் போவேன் மேடம். இனிமே லீவு கேக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவது புற்றுநோய்க்கு என்று யாருக்குத் தெரியாது? இப்போது தேவையில்லை என்றால் குணமாகியிருக்க வேண்டும். ஒருவர் வீட்டிலாவது பிடித்த கிரகம் விட்டதே என்று ஆறுதலாகக்கூட இருந்தது. சரி அண்ணே என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இயக்குநருக்குப் போன் செய்து, கிரகம் இல்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பிறகு உட்கார்ந்து, லீவு தேதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துப் புள்ளிகளை அழித்தேன். பதினொன்றும் பொருந்தின.

பதினொன்றாவது தாளின் அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தொரு நாள் கணக்குக்குள் வராத விண்ணப்பம். பதினொன்றாவதற்குப் பிறகு ஒன்பதாம் நாள். அடுத்த மருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரே ஒரு நாள் லீவு. காரணம்: சொந்த வேலை. கீழே, படித்துப் பார்க்காமல் போட்ட என் கையெழுத்து.

அதற்குப் பிறகு விண்ணப்பமே இல்லை.

பதிவேட்டில் மறுநாளைப் பார்த்தேன். விளக்கு, மணி நான்கு. அவர் கையெழுத்துதான்.

அந்த ஒன்பதாம் நாளிலும் ஒரு புள்ளி எழும்பியிருந்தது. வரிசைக்கு ஒத்துவரவில்லை என்று காலையில் சேர்க்கும்போதே அதை நீக்கியிருந்தேன். நீக்கியவற்றின் பட்டியலைத் திறந்தேன். தேதி இருந்தது. அதற்கு எதிரே நான் எழுதிய குறிப்பும் இருந்தது.

வெறும் பிசிறு. காரணம் எதுவும் இல்லை.