ஏழு அலசல்

“சோம்பேறித்தனம்! எல்லாம் உன் சோம்பேறித்தனம், லூயாண்டா!”

கேப் டவுனில் எங்கள் ஆய்வுக்கூடமே அதிரும்படி டாக்டர் நொம்வுயோ கத்தினார்.

நீராவியிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்க உதவும் பிளாட்டினத் தூளைத் தயாரிப்பது என் வேலை. சோடா உப்புக் கரைசலில் தூளைப் படியவைத்து, பிறகு அந்தச் சோடா முழுக்கப் போகும்வரை தடவைக்கு ஒரு வாளித் தண்ணீராக ஏழு தடவை அலச வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த இருபத்தேழாம் தூள்தான் ஹைட்ரஜனைக் கொட்டி அவருக்கு விருது வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு செய்த எதுவும் அதில் பாதிகூடத் தரவில்லை.

“ஒழுங்கா அலசினியா?”

“ஏழு தடவை, மேடம்.”

“உன் வீட்டுச் சட்டியையாவது ஒழுங்கா கழுவுவியா? தள்ளு, நானே அலசுறேன்.”

பத்து தடவை அலசிச் சோதித்தார். ஹைட்ரஜன் மீட்டரின் முள் முன்னைவிடக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

“நாளையிலிருந்து வராதே! போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போ. இருபத்தேழுல மட்டும் என்னதான் கலந்தே?”

எனக்கும் கோபம் தலைக்கேறியது.

“ஒண்ணும் கலக்கலை. அதை ஒரே தடவைதான் அலசினேன். சோடா ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சோடாதான் உங்களுக்கு விருது வாங்கித் தந்திருக்கு!”

“ஒரே தடவையா? யாரைக் கேட்டு?”

குழாய்க்கு மேல் தொங்கிய காலண்டரைப் பிடுங்கி எறிந்தேன். ஆறு வருடத்துக்கு முன், ஊரே தண்ணீருக்கு வரிசையில் நின்ற அந்த வறட்சி வருடத்து அறிவிப்பு சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது.

‘ஒரு தூளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். மீறினால் வேலை போகும்.’

கீழே, டாக்டர் நொம்வுயோவின் கையெழுத்து.