ஆறு எழுத்து

இரத்த மாதிரி அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் நிற்கப் பத்து நிமிடம் ஆகும். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அதுதான் ஓய்வு. அதற்குள் அக்கா செய்தித்தாளை விரித்து, விட்டுப்போன எழுத்துகளை நிரப்பி ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கும் கட்டத்தில் இறங்கிவிடுவாள். மூன்று வருடமாக அவளுக்குப் பக்கத்து முக்காலி என்னுடையது. இன்று அதில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவள் உட்கார்ந்து, அக்காவின் தோளில் தாடையைப் பதித்திருக்கிறாள். நான் ஜன்னலோரம் நின்று, ஏற்கெனவே ஒட்டிய லேபிளை விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆறெழுத்துக்கா. முதல்ல பி, அஞ்சாவது எம்."

"கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாமே எறும்புதான். நீயே பாருடி."

இருவரும் சிரிக்கிறார்கள். அக்கா என்னை 'டி' போட்டுக் கூப்பிட ஒரு வருடம் ஆயிற்று. எனக்கு விடை தெரியும். பிளாஸ்மா. முன்பே சுழற்றி எடுத்த குழாய்கள் அவர்கள் முழங்கையருகே வெயிலில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்புக்கு மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருப்பது அதுதான். நான் போய்க் குழாய்களைத் தாங்கியோடு எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறேன்.

அக்கா நிமிர்கிறாள். "உனக்கு ஏதாவது தோணுதா?"

"இல்லக்கா."

"இவளுக்கே வரலன்னா இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. விடு." செய்தித்தாளை மடித்துவிடுகிறாள்.

இவ்வளவு பெரிய பாராட்டை அவள் எனக்குத் தந்ததே இல்லை. காது சுடுகிறது. இயந்திரத்தின் இரைச்சல் தணிகிறது. புதியவள் என் கையிலிருக்கும் குழாய்களைப் பார்க்கிறாள்; பிறகு என்னைப் பார்க்கிறாள்.