திருப்பாத பின்னல்

கால் முறிந்த பஸ் டிரைவர் தேவசகாயம் இனி வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மனைவி பிலோமினாவின் உல்லன் நூலையும் கொக்கி ஊசியையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பின்னிட்டுத் திருப்பணும்ங்க. அப்பத்தான் துணியா வரும்."

"நேரா போறத எதுக்குத் திருப்பணும்?"

பின்னல் கயிறாக நீண்டு, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி டிப்போ பக்கம் போயிற்று. நூல் வாங்கிப் போட்டே பிலோமினா அலுத்துப்போனாள்.

"எங்கதான் போய் நிக்கும் இது?"

"போய்ச் சேரும். நீ பேசாம இரு."

ஒரு காலையில் கயிற்றின் மறுமுனையை யாரோ, கண்டக்டர் மணிக்கயிற்றை இழுப்பதுபோல, இரண்டு முறை இழுத்தார்கள். தேவசகாயம் ஊசியை வைத்துவிட்டு, மாவுக்கட்டுக் காலைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்தினார்.

வீடு ஒரு முறை குலுங்கியது. பிலோமினா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.